வெள்ளோட்டத்துக்கு ஒரு பொட்டு

எங்கள் கடைக்குச் சாவுச் செய்தி ஆர்டராகத்தான் வந்து சேரும். போடியில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவனின் பிழைப்பு அப்படி. ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே ஆறுக்கு நாலா, எட்டுக்கு ஆறா என்று கேட்டுப் பழகிப்போன வாய் இது. போன மாதம் ஒரு மதியம், ஒரு ஜீப்பின் பெயர் ஸ்டிக்கரில் வேண்டாத ஓரங்களை உரித்துக்கொண்டிருந்தேன். சிலமலையிலிருந்து பாண்டியண்ணன் கூப்பிட்டார்.

"சேகரு, ஒரு அஞ்சலி பிளக்ஸு போடணும்ப்பா."

"சொல்லுங்கண்ணே, என்ன சைஸு? போட்டோவப் போன்ல அனுப்பி விட்ருங்க."

"போட்டோ ஒங்கிட்டதான்ப்பா இருக்கும்" என்றார். "நம்ம கலா போயிட்டாப்பா."

அவருடைய தங்கை கலாவதி, என் கடையின் டிசைனர். நெஞ்சைப் பிடிக்கிறது, வாயுவாக இருக்கும், மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று காலையில்தான் எனக்குப் போன் செய்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். பாண்டியண்ணன் அப்புறமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஸ்டிக்கரைக் கசக்கிப் பந்தாக்கிவிட்டிருந்தேன் என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

கலாக்காவை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நினைப்பவர்களுக்கும் தெரியும். போடியிலும் சுற்றுப்பட்டியிலும் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று நீங்கள் நிமிர்ந்து பார்த்த பேனர்களில் பாதி அவர் கை பட்டவை. விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் எத்தனையோ ஜீப்புகளின் பெயரும் பூவும் அவர் வரைந்தவை. இதற்கு அப்பால் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றுக்கு, பழைய காலத்துப் பயணி விமானங்களை வண்ணம் மாறாமல் தீட்டிக் கொடுத்தார். உங்களில் சிலர் அதைக் கேலி செய்ததும் எனக்குத் தெரியும்.

சாவு வீட்டுப் பந்தலில் ஒரு பெரிய மனிதர் சொன்னார். "பாவம், பிளேனு பிளேனுன்னு கெடந்தா. ஒரு தடவகூட ஏறிப் பாக்காமலே போய்ச் சேந்துட்டா." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே போடுகிறேன். கலாக்கா பாவம் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அழுகிற கட்டுரை வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிமுலேட்டர் முதலில் என்னுடைய கிறுக்கு. கடையில் ஆர்டர் ஓய்ந்திருக்கும் மதியங்களில் மதுரையில் கிளப்பிக் கொச்சியில் இறக்குவேன். வழியில் நம் மலை வரும். ஒரு நாள் கலாக்கா என் பின்னால் வந்து நின்று திரையை முறைத்துப் பார்த்தார். எந்த ஊருக்குப் போகிறாய், எவ்வளவு உயரம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"இந்த வண்டிக்கு யாருப்பா ஸ்டிக்கரு ஒட்டுனது? கோடு கதவுகிட்ட வந்ததும் சறுக்கிப் போச்சே."

எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், அந்தக் கோடு என் கண்ணில் பட்டதே இல்லை. அது ஸ்டிக்கர் இல்லை, ஒரு படம்தான் என்று விளக்கினேன். விமானத்தின் தோலைச் சட்டைத் துணி போல வெட்டித் தட்டையாக விரித்து வைத்திருப்பார்கள். அதில் யார் வேண்டுமானாலும் வரையலாம். வரைந்ததை சிமுலேட்டர் எடுத்து விமானத்தின் மேல் போர்த்திவிடும். தட்டையாக வரைகிற கோடு உருண்டையான உடம்பில் நேராக நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். "ஜீப்புக் கதவுலயும் பாடியிலயும் அதத்தான நித்தம் பண்றேன்" என்றார். மறுநாள் அந்தக் கோட்டைச் சரி செய்துவிட்டுத்தான் காதுகுத்து பேனரில் கை வைத்தார்.

கம்பெனி விமானங்களின் வண்ணங்கள் அவருக்குச் சீக்கிரமே சலித்துவிட்டன. அந்த நேரத்தில்தான் நான் முதல் மாதிரிகளைப் பற்றிச் சொன்னேன். புது ரக விமானம் ஒன்றைக் கட்டும்போது முதலில் ஒன்றே ஒன்றைக் கட்டி முடிப்பார்கள். அதில் பயணிகள் ஏற மாட்டார்கள். கட்டியவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வண்ணம் பூசி, அது பறக்கிறதா என்று பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு வேறு வண்ணம் அடித்துவிடுவார்கள், இல்லையென்றால் உடைத்துவிடுவார்கள். முதல் நாளின் வண்ணம் நாலைந்து கறுப்பு வெள்ளைப் போட்டோக்களில் மட்டும் மிஞ்சியிருக்கும்.

கலாக்கா மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது வெள்ளோட்டம்" என்றார். "தேரு புதுசாச் செஞ்சா சாமியை ஏத்தாம ஒரு சுத்து இழுத்துப் பாப்பாங்கள்ல. அதான இது?"

அதுதான். அதற்குப் பிறகு அவர் வெள்ளோட்ட வண்டிகளை மட்டுமே தீட்டினார். மற்றவை எல்லாம் "டவுன் பஸ்சு."

முதல் வண்டியிலேயே ஒரு கூத்து நடந்தது. இரண்டு இன்ஜின் வைத்த ஒரு பழைய விமானம். அவர் தீட்டி முடித்ததைச் சிமுலேட்டர்க்காரர்களின் இணையக் குழுவில் போட்டோம். அந்தக் குழுவை நடத்துகிற பெரியவர் வெளிநாட்டுக்காரர், விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். வேலை அழகாக இருக்கிறது, ஆனால் இறக்கையில் இருந்த நூல்களைக் காணோமே என்று கேட்டிருந்தார். காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக, சோதனை விமானத்தின் இறக்கை முழுவதும் சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஒட்டியிருப்பார்களாம். கலாக்கா அதையெல்லாம் அழித்து வழித்துத் துடைத்து வைத்திருந்தார்.

குற்றம் அவருடையதில்லை, எங்கள் தொழிலுடையது. அஞ்சலி பிளக்ஸுக்கு வருகிற போட்டோக்கள் எந்த லட்சணத்தில் வரும் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்தது, மூக்கில் டியூபோடு எடுத்தது, ரேஷன் கார்டிலிருந்து சுரண்டியது. டியூபை அழித்து, கீறலை அழித்து, தூசியையும் முடியையும் அழித்து, ஆளைச் சிரிக்க வைத்து அனுப்புவதுதான் டிசைனரின் வேலை. விமானத்துக்கும் அதையே செய்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உசுரோட இருந்தவனுக்குப் பிரேத மேக்கப்பு போட்டு விட்டுட்டேனே" என்றார். ஒவ்வொரு நூலாகத் திரும்ப ஒட்டினார். நூல்கள் சாய்ந்திருந்த பக்கம்கூட மாறவில்லை.

நிறத்துக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் விமானத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பார். "இந்தா நிக்கிது தீயணைப்பு வண்டி. அது செவப்புன்னு தெரியும். அது எம்புட்டுக் கறுப்பா விழுந்திருக்குன்னு பாரு. பிளேனு கோடு அதவிட வெளுப்பு. அப்ப செவப்பு இல்ல, நீலமா இருக்கணும்." இப்படி நீலம் என்று தீட்டிய ஒரு வண்டிக்குக் கலர் படம் ஒன்று பிறகு எங்கிருந்தோ கிடைத்தது. கோடு பழுப்பு. கலாக்கா வாதாடவில்லை. "தப்புன்னா தப்புதான்" என்று சொல்லி அன்றைக்கே மாற்றினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எதற்கும் பிடிவாதம் பிடிக்கிறவர் இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பிடித்தார்.

ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றப் புது ஜீப்பு எடுத்தார். பானெட்டில் பெயர், பின்னால் குலசாமி, பக்கவாட்டில் மயில். எல்லாம் கலாக்காவின் வேலை. பூசையை எங்கள் கடை வாசலிலேயே வைத்துக்கொண்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. யாரோ குங்குமத் தட்டைப் பக்கத்தில் நின்ற கலாக்காவின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

ஜீப்புக்காரரின் அம்மா குரல் கொடுத்தது. "ஏத்தா, நீ செத்தத் தள்ளி நில்லு. மொதமொதல்ல ரோட்டுல எறங்குற வண்டி. டேய், யாராச்சும் சுமங்கலிப் புள்ளையக் கூப்பிடுங்கடா."

கலாக்காவின் கணவர் இறந்து அப்போது வெகு காலம் ஆகியிருந்தது. மெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டியவர், மஞ்சள் காமாலையில் போனார். கலாக்கா தட்டைக் கடைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போய், இனிமேல் இவர்கள் ஆர்டரையே எடுக்கப்போவதில்லை என்று கத்தினேன்.

"எதுக்குச் சோலியக் கெடுக்குற? அந்த மயிலு என் கை போட்டதுதான. மயிலு போட ஆகும், பொட்டு வைக்கத்தான் ஆகாதாக்கும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது தெரியாமல் இருந்ததுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

அன்றைக்கு மதியம் அவர் கையில் ஒரு நான்கு இன்ஜின் ஜெட்டின் முதல் மாதிரி முடிகிற நிலையில் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூக்குச் சக்கரத்தை மூடும் சின்னக் கதவின் உள்பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. குங்குமம் விரலில் எடுத்து வைத்தால் எப்படி ஓரம் கலைந்திருக்குமோ அப்படியே வரைந்திருந்தார்.

"மேல ஏறுனதும் இந்தக் கதவு உள்ள மடிஞ்சிரும்ல. ஒருத்தன் கண்ணுலயும் படாது. ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். மதுரையில் கிளப்பி, நம் மலையைச் சுற்றி, திரும்ப மதுரையிலேயே இறக்கினேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பறந்துச்சுல்ல?"

"பறந்துச்சுக்கா."

"விழுகலைல்ல?"

"விழுகலக்கா."

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

அதிலிருந்து அவர் தீட்டிய ஒவ்வொரு வண்டிக்கும் மூக்குக் கதவில் பொட்டு உண்டு. ஒவ்வொரு வெள்ளோட்டமும் நான்தான் ஓட்ட வேண்டும், அவர் நிற்க வேண்டும், அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒரு தடவை நான் அவசரப்பட்டு இறக்கி ஓடுபாதைக்கு முன்னாலேயே வண்டியைச் சொருகிவிட்டேன். அப்போதும் அவர் அசரவில்லை. "பொட்டு என்னோடது. ஓட்டுனது நீ" என்றார்.

குழுப் பெரியவரின் கண்ணில் அது படாமல் போகுமா? இது என்ன கறை, வரலாற்றில் இல்லாத ஒன்றாயிற்றே என்று கேட்டார். கலாக்கா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். "எங்கூர்ல புது வண்டியப் பொட்டு வைக்காம வெளியில விடுறதில்லன்னு எழுது." எழுதினேன். எந்தப் போட்டோவிலும் அது இல்லையே என்று பதில் வந்தது. "அவுக ஊர்ல புது வண்டி எறக்கையில சாராயப் பாட்டில ஒடச்சிருப்பாக. அதுவும்தான் போட்டோவுல விழுகல. பாட்டிலு ஒடச்சாச் சரி, குங்குமம் வச்சாத் தப்பாமான்னு கேளு." அதையும் கொஞ்சம் மரியாதை சேர்த்து எழுதினேன். பெரியவர் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார், ஆனால் கணக்கு அவர் மனசில் முடியவில்லை. எங்கள் பக்கத்துக் காரணம் அவருக்குத் தெரியாது. ராசிங்காபுரத்து ஜீப்பைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? எரக்கப்பட்டு விடவா? ஒண்ணும் வேணாம்" என்றார் கலாக்கா.

இனி அந்தப் "பாவம், ஏறாமலே போய்ச் சேந்துட்டா" விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மகள் கவிதா சென்னையில் வேலை பார்க்கிறாள். மதுரையிலிருந்து விமானத்தில் வா என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். கலாக்கா பஸ்சில்தான் போனார். பயமா என்று நான் கேட்டிருக்கிறேன்.

"பயமென்ன பயம். உள்ள ஒக்காந்துட்டா பிளேனு தெரியாதேப்பா. ஜன்னல்ல எட்டிப் பாத்தா ரெக்க தெரியும், மேகம் தெரியும். பெயிண்ட எப்படிப் பாக்குறது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "தேரு செஞ்ச ஆசாரி தேருமேல ஏறி ஒக்காந்தானான்னு எவனாச்சும் கேட்ருக்கானா? இழுக்கையில தள்ளி நின்னு பாப்பான். அவனுக்கு அதான்."

உச்சுக் கொட்டிய பெரிய மனிதர் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். ஏற முடியாமல் ஏறாமல் போனவர் இல்லை அவர். வேண்டாம் என்று சொன்னவர்.

அவருக்கு நான் செய்த பிளக்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டியண்ணன் எதுவும் கேட்கவில்லை, "ஒனக்குத் தெரிஞ்சதப் போடுப்பா" என்றார். கலாக்கா கடையில் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டேன். வழக்கமான மேகத்தையும் புறாவையும் தூக்கிவிட்டு அவருடைய நான்கு இன்ஜின் ஜெட்டை வைத்தேன். அது பறக்கவில்லை. சக்கரம் தரையில் இருந்தது. பறந்தால் கதவு மூடிக்கொள்ளும், பொட்டு தெரியாதே. சிலமலை முக்கில் அந்த பிளக்ஸுக்குக் கீழே நின்றிருந்த ஒரு பாட்டி, "அது என்னய்யா செவப்பா?" என்று கேட்டது. "கலாக்கா வச்ச பொட்டு ஆத்தா" என்றேன். அது மறுபடியும் அண்ணாந்து பார்த்தது.

போன வாரம் குழுப் பெரியவரிடமிருந்து செய்தி வந்தது. உண்மையான துக்கத்தோடு எழுதியிருந்தார். கலாவதி தீட்டிய விமானங்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, சிமுலேட்டரை வாங்குகிற எல்லோருக்கும் அதனுடனேயே சேர்த்துத் தர ஏற்பாடு செய்திருக்கிறாராம். கலாக்காவின் பெயர் முதல் பக்கத்தில் இருக்குமாம். உலகம் முழுக்க அவருடைய வண்டிகள் பறக்கும். ஒரே ஒரு கோரிக்கை. வரலாற்றுத் தொகுப்பு என்பதால் அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் எடுத்துவிட வேண்டும். எடுப்பது ஒரு நொடி வேலை என்றும் எழுதியிருந்தார்.

உண்மைதான், ஒரு நொடி வேலை. அந்த ஜீப்புக்குப் பிறகு கலாக்கா வரைந்த ஒவ்வொரு படத்திலும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனி அடுக்கு இருக்கும், அதற்குப் பெயர் "பொட்டு". அதை அணைத்தால் போதும். இத்தனை பெரிய பெயர் அவருக்கு இனி எந்த வழியிலும் கிடைக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முடிவு என்னுடையதில்லை என்பதால் கவிதாவைக் கூப்பிட்டேன். ஜீப்புக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவளிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

"அம்மாவோட பொட்ட ஒரு தடவ எடுத்தாங்க மாமா. நான் சின்னப் புள்ளையா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ரெண்டாந்தடவ எடுக்க விட மாட்டேன். வேணாம்னு எழுதிருங்க."

எழுதிவிட்டேன். இந்த முறை மரியாதை எதுவும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. காரணத்தையும் முழுசாக எழுதினேன். கலாக்கா வேண்டாம் என்றது இரக்கத்தை. இது இரக்கம் கேட்டு எழுதியது இல்லை. பொட்டோடு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எங்கள் கடை இணையப் பக்கத்தில் கிடக்கும், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்தேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் என் பதில் மாறாது.

கலாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், கடையில் நிற்கும் பிரிண்டிங் மெஷின். அது புதிதாக வந்து இறங்கிய அன்று நான் வேறு யாரையும் கூப்பிடவில்லை. குங்குமத்தைக் கலாக்காவின் கையில் கொடுத்தேன். என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திருப்பிக்கொள்ளட்டும். வைத்த பொட்டு மங்கிவிட்டது, இன்னும் போகவில்லை. அந்த மெஷினில்தான் அவருடைய அஞ்சலி பிளக்ஸும் ஓடியது.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அதை நான் மட்டும் வைத்துக்கொள்வதாக இல்லை, உங்களிடமும் கொடுத்துவிடுகிறேன். ராசிங்காபுரத்து ஜீப்புக்குப் பிறகு, எங்கள் கடைக்கு வந்த ஒவ்வொரு புது வண்டிக்கும் கலாக்கா பெயர் ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்வார். சிவப்பு ஸ்டிக்கரில் சின்னதாக ஒரு வட்டம் வெட்டுவார். பானெட்டைத் துடைத்து முதலில் அதை ஒட்டுவார். அதற்கு மேலேதான் பெயரின் முதல் எழுத்து வரும். வெளியே தெரியாது. பூசை, எலுமிச்சம்பழம், சுமங்கலி எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. உங்கள் வண்டியின் முதல் பொட்டு கலாக்கா வைத்தது.

சந்தேகம் இருந்தால் போய் முதல் எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டும். வேண்டாம் என்பவர்கள் கடைக்கு வண்டியைக் கொண்டு வரலாம், நானே உரித்துத் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசித்துவிட்டு வாருங்கள். இத்தனை வருஷமாக அந்த வண்டி உங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வளைவு மெட்டு ஏறுகிறது, மழையிலும் மூட்டத்திலும் திரும்ப இறங்குகிறது.

விழுகலைல்ல?